பித்தளை வட்டம்

மூன்றாவது பக்கத்தின் அடியில் இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டால் பிரிசில்லாவுக்குச் சான்றிதழ் கிடைக்கும். போடாவிட்டால் கிடைக்காது. கட்டத்துக்கு மேலே 'மேற்கண்ட விளக்கத்தை நான் ஏற்கிறேன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. ராஜலக்ஷ்மி மேடம் பேனாவின் மூடியைக்கூடத் தானே கழற்றி நீட்டினார். பிரிசில்லா பேனாவை வாங்கிக்கொள்ளாமல் இரண்டாவது பக்கத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பிரிசில்லாவுக்கு நாற்பத்தொரு வயது. பொம்மசந்திராவில் மோட்டார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக வெல்ஃபேர் பிரிவு குமாஸ்தா. லீவு ஃபாரமும் இ.எஸ்.ஐ. சீட்டும் எழுதிக் கொடுப்பதுதான் வேலை என்று பெயர். சீட்டு வாங்க வருகிற பெண்கள் சீட்டை வாங்கியதும் போய்விடுவார்களா என்ன? புருஷன் அடித்தது, தூக்கம் வராதது, மிஷின் சத்தம் ஞாயிற்றுக்கிழமையிலும் காதுக்குள் ஓடுவது என்று எல்லாவற்றையும் அவள் மேஜைமேல் கொட்டிவிட்டுத்தான் நகர்வார்கள். கம்பெனிக்கு ஒரு மனநல ஆலோசகர் வேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தபோது, எச்.ஆர். மேனேஜர் லாயிட் அவளைக் கூப்பிட்டு, ஆள் நீங்கள்தான், ஆனால் கையில் ஒரு டிப்ளமோ பேப்பர் இருக்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை கடைசி நாள். பேப்பர் வராவிட்டால் அந்த வேலை வெளி ஏஜென்சிக்குப் போய்விடும். மாதம் இரண்டு முறை கம்ப்யூட்டரில் ஒரு முகம் வந்து நலமா என்று கேட்டுவிட்டு மறையும்.

அதற்காகத்தான் எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் சந்தாபுராவில் பஸ் ஏறி, பொம்மசந்திராவில் மெட்ரோ பிடித்து, ஆர்.வி. ரோட்டில் வண்டி மாறி, மல்லேஸ்வரத்தில் ராஜலக்ஷ்மி மேடத்தின் வீட்டு மாடிக்கு அவள் வந்துகொண்டிருந்தாள். மேடம் உளவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறை சர்க்கார் உத்தியோகம். சுவர் முழுக்கத் தலைப்பாகைப் படங்கள். நல்ல மனுஷி. வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் காபி கொடுப்பார், யாருக்கு எத்தனை சர்க்கரை என்பது மறக்காது. அவருக்கு இருந்த ஒரே கோளாறு, எல்லாமே அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான்.

பாடத்தில் முக்கால்வாசி ஒரே ஒருவரைப் பற்றியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஒரு டாக்டர். மனத்தின் ஆழத்துக்குள் இறங்கிப் பார்க்க வழி சொன்ன முன்னோடிகளில் ஒருவர். வகுப்பில் மற்ற ஆறு பேரும் மேடத்தின் குறிப்புகளைப் படித்தார்கள். பிரிசில்லாவுக்கு அது போதவில்லை. டாக்டர் எழுதியதையே தேடிப் பிடித்து, மெட்ரோவில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதி அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மனிதன் தனக்குள் பார்க்கப் பிடிக்காததையெல்லாம் மூட்டையாகக் கட்டிப் பக்கத்தில் நிற்பவன் தலையில் ஏற்றிவிடுகிறான் என்று அவர் சொன்னார். அந்த மூட்டைக்கு அவர் வைத்த பெயர் நிழல்.

பிரிசில்லாவின் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டை விட்டுக் கோலார் தங்கவயலுக்கு ஓடி வந்ததே நிழலால்தான். அவருடைய நிழல் ஊர்த்தெருவில் விழக்கூடாது என்று சொன்ன மகானுபாவர்கள் அங்கே இருந்தார்கள். சுரங்கத்துக்குள் வெயிலும் கிடையாது, நிழலும் கிடையாது, ஆகவே அங்கே யாருக்கும் ஆட்சேபணை இல்லை. யாருடைய நிழலை யார் சுமந்தார்கள் என்பது அந்த டாக்டரைப் படித்த அன்றுதான் அவளுக்கு முழுசாக விளங்கிற்று. ரயிலில் தன்னந்தனியாகச் சிரித்தாள். எதிரே இருந்த ஆள் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கடைசித் தேர்வு ஒரு கனவு. ஒவ்வொருவரும் தங்கள் கனவு ஒன்றை வகுப்பில் சொல்ல வேண்டும். மேடம் அதற்கு விளக்கம் எழுதுவார். கனவு கண்டவர் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் கோப்பு சான்றிதழ் தரும் நிறுவனத்துக்குப் போகும். போன வாரம் பிரிசில்லா சின்ன வயதிலிருந்து வருகிற கனவைச் சொன்னாள். ஒரு பெரிய பலகை, அதில் நூற்றுக்கணக்கான ஆணிகள், எல்லாம் காலி. ஒரே ஓர் ஆணியில் மட்டும் ஒரு பித்தளை டோக்கன் தொங்குகிறது. பக்கத்தில் பாதாளத்துக்கு இறங்கும் குழி. டோக்கனுக்கு நேர் கீழே அவள் அப்பா அய்யாவு உட்கார்ந்திருக்கிறார். போகலாம் வா என்று கையைப் பிடித்து இழுக்கிறாள், அவர் அசைய மாட்டேன் என்கிறார்.

டோக்கன் வட்டமா என்று மேடம் கேட்டார். வட்டம்தான் என்றாள். அவ்வளவுதான், மேடத்தின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. வட்டம் என்றால் மண்டலம், மண்டலம் என்றால் மனத்தின் முழுமை, குழி என்றால் ஆழ்மனம் என்று அரை மணி நேரம் கரைபுரண்டு பேசினார். நடுவில் பிரிசில்லா, அது டோக்கன் மேடம், எங்கப்பா வேலை செய்த இடத்தில் என்று ஆரம்பித்தாள். மேடம் விரலை உயர்த்தினார். கனவு கண்டவர் அவசரமாக மறுக்க வந்தால் அதன் பெயர் ரெசிஸ்டன்ஸ், அதாவது எதிர்ப்பு, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். ஆறு பேரும் குறித்துக்கொண்டார்கள். ஆமாம் என்றால் விளக்கம் சரி, இல்லை என்றால் விளக்கம் ரொம்பச் சரி. இப்படி ஓர் ஆட்டத்தில் யார்தான் தோற்பார்கள்?

அதுவாவது போகட்டும். வட்டத்தை மண்டலம் என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை, போட்டுத் தொலைக்கலாம் என்றுதான் கையெழுத்து நாளன்று காலை சந்தாபுராவில் பஸ் ஏறியிருந்தாள். ஆனால் இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கனவில் வரும் குழி, இவர் தன்னுடைய 'லோலி ஆரிஜின்ஸ்' பற்றி வைத்திருக்கும் ஆழ்ந்த வெட்கத்தைக் காட்டுகிறது. அதிலிருந்து ஏறித் தப்பவே இவர் தந்தையின் கையைப் பிடித்து இழுக்கிறார் என்றது அந்த வரி. ஆங்கிலத்தில் அது கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றது. பிரிசில்லாவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், இந்த வரிய ஒரு தடவ தமிழ்ல படிங்க" என்றாள்.

மேடம் சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் பேசுகிறவர், மொழிபெயர்ப்பெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? குழியானது இவருக்குத் தன்னுடைய, என்று சரளமாக ஆரம்பித்தார். அங்கே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. எளிய என்று சொல்லப் போனார். எழுதியிருப்பது அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஸ்னேஹா என்ற பெண், வகுப்பிலேயே சின்னவள், தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாள். கடைசியில் மேடம், "தன்னோட பின்னணி பத்தின வெக்கம். அஷ்டே" என்று, அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்து வைத்தார்.

பிரிசில்லா தன் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பதினாலு செகண்டு மேடம். ரெண்டாவது மாசம் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அந்த டாக்டரு கையில வாட்ச் வெச்சிக்கினு ஒவ்வொரு வார்த்தையா சொல்வாரு, எந்த வார்த்தையில ஆளு நிக்கறாங்களோ அங்கதான் உள்ள ஏதோ இருக்குதுன்னு. இப்ப நின்னது நா இல்ல. எனக்கு அந்த வார்த்தை தெரியும், சொல்லட்டுமா? தாழ்ந்த பிறப்பு."

மேடத்தின் முகம் சிவந்தது. தான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை, கனவில்கூடத் தனக்கு ஜாதி நினைப்பெல்லாம் வராது, இந்த வீட்டில் யாரையும் வித்தியாசமாக நடத்தியது உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அது பிரிசில்லாவுக்கும் தெரியும்.

"நீங்க வேணும்னு எழுதல மேடம். வேணும்னு எழுதியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு எழுந்து போயிருப்பேன். உங்களுக்கே தெரியாம வந்து விழுந்திருக்குது. எட்டு மாசமா நாம படிச்சது பூரா அதானே? வெக்கம் என்னுது இல்ல. யாருதோ என் பேர்ல எழுதியிருக்குது."

மேடம் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேராசிரியர் அல்லவா, அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவாரா? சரி, வெட்கம் இல்லையென்றால் அப்பா ஏன் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், மனத்தின் ஆழத்துக்கு இறங்குவதைக் குறிக்காமல் அந்தக் குழி வேறு எதைக் குறிக்கிறது என்று கேட்டார்.

"கீழ எறங்கறது உங்களுக்கு உவமை மேடம். எங்களுக்கு ஷிஃப்ட்."

யாரோ சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்கள். பிரிசில்லா சிரிக்கவில்லை. பையிலிருந்து டாக்டரின் புத்தகத்தை எடுத்து, கோடு போட்ட பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். கனவில் ஒரு பொருள் வந்தால், அது என்ன என்று கனவு கண்டவரிடம் முதலில் கேள், உன் சித்தாந்தத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வா, அவர் ஒப்பாத விளக்கம் விளக்கமே இல்லை என்பதையெல்லாம் டாக்டர் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். கனவைச் சொன்ன நாளிலிருந்து இந்த அறையில் இருக்கும் ஒருவரும் டோக்கன் என்றால் என்னவென்று தன்னைக் கேட்கவில்லை என்றாள் பிரிசில்லா.

"டோக்கன்னா என்னக்கா?" என்று கேட்டாள் ஸ்னேஹா.

அப்போதுதான் பிரிசில்லா உட்கார்ந்தாள். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட ஒரு பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது மேலே பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகு பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் ஒரு மனுஷன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பலகை காலியானால் எல்லோரும் வந்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம். இதில் மண்டலமும் இல்லை, முழுமையும் இல்லை, எண்ணிக்கைதான் இருந்தது.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு பகல் ஷிஃப்டில் கீழே பாறை வெடித்தது. பூமியின் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடிப்பதை அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஊரே குலுங்கியது, தட்டுமுட்டெல்லாம் உருண்டன. அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுரங்கத்தின் கேட்டுக்கு ஓடினாள். மேலே வந்த ஆட்கள் தள்ளுமுள்ளில் அவரவர் டோக்கனைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடியிருந்தார்கள். அதில் யாரோ ஒருவன் பதற்றத்தில் தன்னுடையதோடு பக்கத்து ஆணியில் இருந்ததையும் சேர்த்து இழுத்துவிட்டான். அது எரிக்குடையது. சுரங்கத்துக்குள் அய்யாவுவோடு ஒரே இடத்தில் நின்று பாறை உடைக்கிறவர், பிரிசில்லாவுக்கு எரிக் மாமா.

பலகை காலி. மீட்பு ஆட்கள் தலைக்கவசத்தைக் கழற்ற ஆரம்பித்தார்கள். எரிக் இன்னும் வரவில்லை என்று அய்யாவு கத்தினார். எரிக் எங்காவது சாராயக் கடையில் இருப்பான், போர்டைப் பார், ஒருத்தனும் கீழே இல்லை என்றார்கள். படிக்காத கூலிக்காரனின் கண்ணா பெரிது, அத்தனை பேர் நம்புகிற பலகையா பெரிது? அய்யாவு இடுப்பில் செருகியிருந்த தன் டோக்கனை எடுத்தார். எல்லோர் முன்னாலும் அதைத் தன் ஆணியில் திரும்ப மாட்டினார். அதற்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அதிகாரிங்க வந்து கத்தறாங்க. யோவ், நீ இங்கதானே ஒக்காந்திருக்க, எடுய்யான்றாங்க. எங்கப்பா சொல்றாரு, 'போர்டப் பாருங்கய்யா. நா இன்னும் கீழதான் கீறேன். ஆள வுட்டுத் தேடுங்க'ன்றாரு. எங்கம்மா கேட்ல நின்னு அழறாங்க. நா போயி கையப் புடிச்சி இழுத்தேன், வாப்பா வூட்டுக்குப் போலாம்னு. வரல. இதான் மேடம் என் கனவு. கனவுகூட இல்ல, பாதி நா பாத்தது. போர்டுல ஒண்ணு தொங்கனா மூடக்கூடாதுன்றது சட்டம். வேற வழியில்லாம மறுபடியும் ஆளுங்கள ஏத்திக் கூண்ட எறக்கனாங்க."

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். மேடத்தின் கண்கள் கலங்கியிருந்தன. அதே கண்களோடு அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் வேகமாக எழுத ஆரம்பித்தார். "எஷ்டு சென்னாகிதே! எவ்வளவு அழகான தியாகப் படிமம் பாருங்கோ. தந்தை தன்னையே பலியாப் பாதாளத்துக்குக் குடுக்கறார். வீரனோட ஆர்க்கிடைப், ஆதி வடிவம்."

பிரிசில்லா வாயை மூடிக்கொண்டாள். மீதியைச் சொல்வதாக இல்லை.

மேடம் நிமிர்ந்து, ஒரு வழி இருக்கிறது என்றார். வெட்கம் என்ற வரியை இப்போதே அடித்துவிடலாம், தப்புதான், மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். மண்டலத்தையும் வீரனையும் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கே கையெழுத்தானால் திங்கள் காலை சான்றிதழ் கையில் இருக்கும். இல்லையென்றால் இந்தப் பேட்சில் பிரிசில்லாவின் பெயர் வராது, அடுத்தது ஏழு மாதம் கழித்துத்தான். விதியை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். ஸ்னேஹா மெதுவாக, போட்டுடுங்கக்கா என்றாள்.

பிரிசில்லா லாயிட்டை நினைத்தாள். சீட்டு வாங்க வரும் பெண்களை நினைத்தாள், கம்ப்யூட்டரில் வரப்போகும் அந்த முகத்தையும் நினைத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த மேஜையில் போய் உட்காரலாம். நாளைக்கு ஒருத்தி வந்து தன் கனவைச் சொல்லும்போது, அது என்னவென்று அவளைக் கேட்க எந்த வாயோடு கேட்பது? தன்னுடையதையே மூன்று பக்கத்துக்கு விற்றவள் என்று தனக்குத் தெரியுமே. இந்த வேலை தனக்கு வேண்டும், ரொம்ப வேண்டும். அப்பாவை இன்னொருவர் அலமாரியில் பொம்மையாக வைத்துவிட்டு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு வேண்டாம்.

பேனாவை வாங்கினாள். 'ஏற்கிறேன்' என்பதன்மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் தமிழில் 'ஏற்கவில்லை' என்று எழுதி, கீழே முழுப் பெயராக, அய்யாவு மகள் பிரிசில்லா என்று போட்டாள். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பேனாவை மேடத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இதையே அனுப்புங்க மேடம். ரெசிஸ்டன்ஸ்னு போட்டுக்கங்க. இந்தத் தடவ அது சரியான வார்த்தைதான்."

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை லாயிட்டிடம் பேப்பர் இல்லை என்று சொல்ல வேண்டும்; ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் காலடி கேட்டது. ராஜலக்ஷ்மி மேடம் நிலைப்படியில் நின்றார், கையில் அந்தப் பேனா அப்படியே இருந்தது.

"பிரிசில்லா, அந்த எரிக் என்ன ஆனார்?"

"ரிப்போர்ட்டுக்குக் கேக்கறீங்களா, உங்களுக்கா?"

எட்டு மாதமாகச் சொல்லுக்குத் திணறாத மேடம் அன்று இரண்டாவது தடவையாகத் திணறினார். "எனக்கு" என்றார் அவர். "எனக்குத் தெரியலை. சொல்லுங்கோ."

"அப்ப மொதல்ல பேனாவ மூடுங்க."

மேடம் மூடினார். பிரிசில்லா செருப்பைக் கழற்றவில்லை, நின்றபடியே சொன்னாள்.

"வந்தாரு. பதினோரு மணி நேரம் கழிச்சி. ஒரு காலு போச்சி, உசுரு இருந்திச்சி. எரிக் மாமாவ ஆம்புலன்ஸ்ல ஏத்தன அப்புறந்தான் எங்கப்பா எழுந்து தன் டோக்கன கழட்டனாரு. அத்தினி அதிகாரிங்களும் வழி வுட்டு நின்னாங்க. நடுவுல நடந்து வந்து என்னத் தூக்கிக்கினாரு. அந்த ஆளுக்குத்தான் மேடம் நா பொறந்தேன்."